கல்லாப்பெட்டியில் ஏழரை: காஞ்சிபுரம் ஹோட்டல்களும் பழக்கப்படாத சர்வர்களும்

முகூர்த்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு ஒன்பது பேர் கொண்ட ஒரு குடும்பம் காஞ்சிபுரம் வருகிறது. காலையில் காமாட்சியம்மன் தரிசனம். அப்புறம் நேராக காந்தி ரோடு. பட்டுக்கடையில் நாலு மணி நேரம். நூறு புடவைகளைப் பிரித்துப் போட்ட பிறகும் விற்பனையாளர் முகம் சுளிக்கவில்லை. நடுவில் காபி வந்தது. குழந்தைக்கு பிஸ்கட் வந்தது. கல்யாணப் பெண்ணுக்கு அரக்குக் கலரில் ஒன்று, சம்பந்தியம்மாவுக்கு ஒன்று, அத்தைமார்களுக்கு இரண்டு என்று லட்ச ரூபாயைத் தாண்டி பில் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு வெளியே வருகிறார்கள். மணி இரண்டு. எல்லோருக்கும் அகோரப் பசி.

எதிரில் ஒரு ஹோட்டல். உள்ளே நுழைந்தால் "வாங்க" என்று சொல்ல ஆள் இல்லை. எங்கே உட்காருவது என்றும் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய், அவர்கள் எப்போது மோர் சாதத்துக்கு வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து இடம் கிடைக்கிறது. ஒரு பையன் வந்து, ஈரத் துணியால் மேஜையிலிருந்த சாம்பாரை நேராகப் பாட்டியின் மடிக்குத் தள்ளிவிட்டுப் போகிறான். இன்னொருவர் நாலு டம்ளருக்குள்ளும் நாலு விரலை விட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்.

"காஞ்சிபுரம் இட்லின்னா என்னப்பா?"

"இட்லி தாம்மா."

"அது தெரியுது. எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்மா."

தாத்தா வெங்காயம் சேர்க்காதவர். சாதா ரவா தோசை கேட்டார். வந்தது ஆனியன் ரவா. திருப்பிக் கொடுத்ததற்கு சர்வர் பார்த்த பார்வை இருக்கிறதே... தாத்தா ஏதோ கொலைக்குற்றம் செய்துவிட்ட மாதிரி. சாப்பிட்டு முடித்து, பில்லுக்குப் பதினைந்து நிமிடம். "காபி ஏதாவது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. குடும்பத் தலைவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: "காபியெல்லாம் வேணாம், கிளம்புங்க. போற வழியில ஹைவேல குடிச்சுக்கலாம்."

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் இந்தக் கடைசி வாக்கியம் கற்பனை இல்லை. தமிழ்நாட்டின் எந்தக் கோயில் ஊரிலும் தினம் நூறு வாயிலிருந்து வருகிற வாக்கியம்தான் இது. ஒன்பது காபி, தலைக்கு முப்பது ரூபாய் என்றால் 270 ரூபாய். அந்த 270 ரூபாய், அடுப்பில் குறையில்லாமல், சரக்கில் குறையில்லாமல், மாஸ்டர் கையில் குறையில்லாமல் வாசல் வழியே நடந்து வெளியே போய்விட்டது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற காபிக்கடைக்காரர் கொடுத்து வைத்தவர்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹோட்டல் முதலாளிகளிடம் லாபம் ஏன் குறைகிறது என்று கேட்டால் பட்டியல் தயாராக இருக்கும். காய்கறி விலை, காஸ் சிலிண்டர் விலை, வாடகை, கரண்ட் பில், ஜி.எஸ்.டி., சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஆப்களின் கமிஷன். எல்லாம் உண்மைதான். ஆனால் பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் இருக்காது. நேற்று ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த பையனை, ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காமல், இன்று மத்தியானம் கூட்ட நேரத்தில் மேஜைக்கு முன்னால் நிறுத்தியது யார்? அந்த வரி முதலாளியின் கையெழுத்தில் எழுதப்படவேண்டியது என்பதால்தான் எழுதப்படுவதே இல்லை.

ஏழரை நிமிடக் கணக்கு

'சர்வீஸ் சரியில்லைன்னா கொஞ்சம் முணுமுணுப்பாங்க, அவ்வளவுதானே' என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் தன் கடை எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

20 மேஜை, மேஜைக்கு 4 நாற்காலி. மத்தியானக் கூட்டம் 12.30 முதல் 3 மணி வரை, அதாவது 150 நிமிடம். வேலை தெரிந்த ஆட்கள் இருந்தால் ஒரு மேஜை 30 நிமிடத்தில் காலியாகி, துடைக்கப்பட்டு, அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். ஒரு மேஜை 5 தடவை நிரம்பும். மொத்தம் 100 மேஜை வியாபாரம்.

இப்போது வேலை தெரியாத ஆட்களை வைத்துப் பாருங்கள். துடைக்க இரண்டு நிமிடம் தாமதம், ஆர்டர் எடுக்க இரண்டு நிமிடம், பில் கொண்டுவர மூன்றரை நிமிடம். மேஜைக்கு ஏழரை நிமிடம்தான் கூடுதல் (ஏழரை என்றாலே வில்லங்கம்தான்!). 30 நிமிடம் 37.5 ஆகிறது. 150 நிமிடத்தில் ஒரு மேஜை 4 தடவைதான் நிரம்பும். 100 மேஜை வியாபாரம் 80 ஆகிவிட்டது. மேஜைக்கு சராசரி பில் 500 ரூபாய் என்றால் ஒரே மத்தியானத்தில் 10,000 ரூபாய் போச்சு.

வாசலில் ஆட்கள் காத்து நிற்கிற நாளில்தான் இந்த நஷ்டம். மற்ற நாளில் நாற்காலி சும்மாதான் கிடக்கும். அதனால் ஞாயிறு, முகூர்த்தம், திருவிழா என்று வருடத்துக்கு 75 நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 7,50,000 ரூபாய். ஏழரை நிமிடம் ஏழரை லட்சமாகி நிற்கிறது! இதில் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் என்று 40 சதவீதம் கழித்தால் மிச்சம் நாலரை லட்சம். வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தாகிவிட்டது. அதனால் இந்த நாலரை லட்சத்தில் பெரும்பகுதி கலப்படமில்லாத லாபமாக வந்திருக்க வேண்டியது.

இன்னும் இருக்கிறது. தப்பாகப் போய்த் திரும்பி வருகிற அயிட்டம் நாளைக்கு ஐந்து, சரக்குச் செலவு மட்டும் தலா 40 ரூபாய் என்றால் 360 நாளில் 72,000. சாப்பிட்டும் பில்லில் ஏறாத வடை, காபி வகையில் நாளைக்கு நூறு ரூபாய் என்றால் 36,000. ஆக இதுவரை மட்டுமே 5,58,000 ரூபாய். கேட்காமல் விட்ட காபி, சொல்லாமல் விட்ட ஸ்வீட், இனி வரவே வராத குடும்பம் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

எதிர்ப்பக்கம் என்ன செலவு? 10 சர்வர்களுக்கு 15 நாள் முழுச் சம்பளத்தோடு பயிற்சி. நாளுக்கு 600 ரூபாய் என்றால் 90,000. சொல்லிக் கொடுக்கிற சீனியருக்கு ஒரு 15,000 கூடக் கொடுங்கள். 1,05,000 ரூபாய். இழப்பில் பாதியை மீட்டாலே போட்ட பணத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் திரும்பி வருகிறது. வட்டிக்கு விடுபவர்கூட இந்த வருமானத்தைக் கனவில்தான் பார்க்கமுடியும்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் பட்டு, அந்தப் பக்கம் பொட்டு

இதைச் சொல்ல காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏனென்றால் பழக்குவது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தறியைப் பாருங்கள். உடல் ஒரு கலர், பார்டர் ஒரு கலர் என்று கோர்வை போட்டு நெய்வது காஞ்சிபுரத்தின் பெருமை. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் ஓரத்து நாடாவைப் போட இன்னொரு கையும் வேண்டும். அந்த இன்னொரு கையாக உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகியவர்தான் பின்னாளில் நெசவாளி ஆகிறார். நேற்று வந்தவர் கையில் அசல் ஜரிகையைக் கொடுத்து 'நெய்யுப்பா' என்று எந்தத் தறிக்காரரும் சொல்லமாட்டார். ஒரு இழை தப்பினால் அது புடவை முழுக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

பட்டுக்கடையைப் பாருங்கள். புதிதாகச் சேருகிற பையன் முதல் நாளே மெத்தையில் உட்கார்ந்து வியாபாரம் பேச முடியாது. புடவை மடிப்பான். அடுக்குவான். சீனியர் கேட்கிற புடவையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பான். அந்த இடைவெளியில் ருத்ராட்சக் கரை எது, மல்லிமொக்கு எது, அன்னபட்சி எது, மயில்கழுத்து எது, எம்.எஸ். ப்ளூ எது என்பதெல்லாம் காதிலும் கண்ணிலும் ஏறிவிடும். வாடிக்கையாளர் 'பட்ஜெட்' என்று சொல்லாமலே அவர் பார்வை எந்த அடுக்கில் நிற்கிறது என்று படிக்கத் தெரிந்துவிடும். முதல் பெண் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இரண்டாவது பெண் கல்யாணத்துக்கும் அதே கடையைத் தேடி வருவது பட்டுக்காக மட்டும் இல்லை. அந்த மெத்தையில் கிடைத்த மரியாதைக்காகவும்தான்.

அதே ரோட்டில், அதே வாடிக்கையாளர், அதே பர்ஸ். எதிர்ப்பக்கம் போனால் இந்த ஞானம் எல்லாம் எங்கே போகிறது? பட்டுக்கடைக்காரர் வாடிக்கையாளரை சம்பந்தி மாதிரி நடத்துகிறார். ஹோட்டல்காரர் பந்தியில் நுழைந்த அழையாத விருந்தாளி மாதிரி நடத்துகிறார். 'அது லட்ச ரூபாய் வியாபாரம், இது நூறு ரூபாய் வியாபாரம்' என்று சொல்லலாம். ஆனால் கல்யாணப் புடவை வாங்க ஒரு குடும்பம் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும்? பசி ஒரு நாளைக்கு மூன்று முறை வரும்!

காஞ்சிபுரம் இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகிற இட்லி அது. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைப்பது. குடலை இட்லி என்றும் பெயர். வெளியூர்க்காரருக்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா? 'கோயில் இட்லி சார், மிளகு சுக்கு போட்டது, குடலையில வேகவெச்சது, சாதா இட்லி மாதிரி இருக்காது' என்று சொல்ல பத்து விநாடி போதும். ஒன்பது பேரில் நாலு பேராவது கேட்டு வாங்குவார்கள். 'இட்லி தாம்மா' என்கிற பதிலுக்கு யார் வாங்குவார்கள்? ஊரின் பெயரையே தாங்கி நிற்கிற ஒரு பண்டத்தை, ஊரிலேயே விற்கத் தெரியவில்லை. இது சர்வரின் தப்பா? அந்தப் பையனுக்கு அந்த இட்லியை ஒரு நாளாவது தட்டில் வைத்து 'சாப்பிட்டுப் பாருப்பா' என்று யாராவது கொடுத்திருப்பார்களா?

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "சொல்லிக் கொடுத்தா அடுத்த கடைக்கு ஓடிடுவான்."

ஓடுகிறவன் வேலை கற்றதால் ஓடுவதில்லை. பதினைந்து பேர் படுக்கிற ஒரே ரூம், காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பதினொன்றுக்கு முடிகிற நாள், வாடிக்கையாளர் முன்னாலேயே விழுகிற திட்டு, மேஜையில் வைத்த டிப்ஸுக்கும் பங்கு கேட்கிற சூப்பர்வைசர். இவற்றால்தான் ஓடுகிறான். பயிற்சி இல்லாதவன் மட்டும் ஓடாமல் இருக்கிறானா என்ன? அவன் இன்னும் சீக்கிரம் ஓடுகிறான். தெரியாத வேலையில் தினமும் திட்டு வாங்குவதைவிட ஊருக்குப் போய் மாடு மேய்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றுவதில் தப்பே இல்லை.

1981-ல் சென்னை கே.கே. நகரில் ஒரே கடையாகத் தொடங்கிய சரவண பவன் உலகம் முழுக்கக் கிளை விரித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதன் நிறுவனர் பி. ராஜகோபால் கொலை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2019-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்ததும் தெரியும். அந்தக் குற்றத்தை எந்த சாம்பாராலும் கழுவ முடியாது. ஆனால் தொழில் பாடம் தனி. ஊழியர்களுக்குத் தங்குமிடம், மருத்துவ உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று அந்த நிறுவனம் செலவு செய்தது. ஆட்கள் தங்கினார்கள். தங்கியவர்கள் கற்றார்கள். கற்றவர்களை வைத்துத்தான் புதுக் கிளை திறக்க முடிந்தது. ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் 1994-ல் ஜேம்ஸ் ஹெஸ்கெட்டும் நண்பர்களும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான். ஊழியர் திருப்தியாக இருந்தால் தங்குவார், தங்கினால் நன்றாகப் பரிமாறுவார், நன்றாகப் பரிமாறினால் வாடிக்கையாளர் திரும்பி வருவார், அவர் திரும்பி வந்தால் லாபம் வரும். இதற்கு ஹார்வர்டு போகவேண்டியதில்லைதான். ஆனால் உள்ளூர்க்காரர் சொன்னால் முதலாளிகள் கேட்பதில்லையே!

இரண்டாவது சாக்கு: "சாமி கும்பிட வர்றவன் ஒரு தடவைதான் வருவான். அவனுக்கு எதுக்கு இவ்வளவு?"

கோயில் ஊர்களைப் பிடித்த பெரிய வியாதி இது. 2019-ல் அத்திவரதர் நீருக்குள்ளிருந்து வெளியே வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஒரு கோடியை ஒட்டிய கூட்டம் என்று அப்போது சொன்னார்கள். அந்த 48 நாளும் எப்படிப் பரிமாறினாலும் எதைப் பரிமாறினாலும் விற்றது. ஆனால் அத்திவரதர் 40 வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். 1979-க்குப் பிறகு 2019, அடுத்தது 2059. நடுவில் இருக்கிற 39 வருடமும் கடை நடத்தியாக வேண்டுமே? அதற்கு உள்ளூர்க்காரரும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும், வருடா வருடம் பட்டெடுக்க வருகிறவர்களும்தான் கதி.

ஒரு தடவை வந்தவர் சும்மாவும் போவதில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு நட்சத்திரம் குத்திவிட்டுத்தான் போகிறார். அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மைக்கேல் லூகா அமெரிக்காவின் சியாட்டில் நகர ஹோட்டல்களை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார். விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்பது அவர் கண்டது. கவனிக்கவேண்டியது இன்னொன்று. இந்த விளைவு பெரிய சங்கிலி ஹோட்டல்களில் இல்லை, தனிக்கடைகளில்தான் இருந்தது. பெயர் தெரிந்த கடைக்குப் போகிறவர் நட்சத்திரம் பார்ப்பதில்லை. பெயர் தெரியாத கடைக்குப் போகிறவர்தான் பார்க்கிறார். காஞ்சிபுரத்தில் இருப்பவை பெரும்பாலும் எந்த வகை என்று சொல்லவேண்டுமா?

மூன்றாவது சாக்கு: "ருசி இருந்தா போதும். மத்ததெல்லாம் தானா வரும்."

ருசி நாக்கில் மட்டும் இல்லை. கல்லிலிருந்து எடுத்த தோசை மேஜைக்கு வர ஆறு நிமிடம் ஆனால் அது முறுகல் தோசை இல்லை, ஆறிப்போன தோல். மாஸ்டர் இருபது வருடத்தில் கற்ற வித்தையை, இரண்டு நாளில் வந்த பையன் ஆறு நிமிடத்தில் கெடுத்துவிடுகிறான். சட்னி தீர்ந்து தோசை மிச்சமிருக்கும் அந்த அவஸ்தையில், கையைத் தூக்கி யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று தவிக்கிறவருக்கு சட்னியின் ருசி எப்படித் தெரியும்?

இதில் ஒரு கூத்து வேறு. பெரிய நகரங்களில் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகையைத் தானாகச் சேர்த்தார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அது கூடாது என்று சொன்னது. ஹோட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சர்வீஸுக்குக் காசு கேட்கத் தெரிந்த சங்கங்கள், சர்வீஸைக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் நடத்தியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

பையன் மேல் பழி போடாதீர்கள்

இப்போது எல்லோரும் சொல்கிற சுலபமான காரணம் ஒன்று உண்டு. "எல்லாம் வடநாட்டுப் பசங்க வந்ததால சார். தமிழே தெரியல."

இதைவிட அநியாயமான பேச்சு கிடையாது. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற பையனுக்குத் தமிழ் தெரியாது என்பது அவனை வேலைக்கு எடுத்த அன்றே முதலாளிக்குத் தெரியும். ஹோட்டலில் ஓட்டுவதற்கு எத்தனை தமிழ்ச் சொல் வேண்டும்? சூடு, காரம், கம்மி, இன்னொன்று, பார்சல், வெங்காயம் வேண்டாம், சர்க்கரை இல்லாமல்... அறுபது எழுபது சொல் இருந்தால் தாராளம். நாளைக்குப் பத்து என்று ஒரு வாரத்தில் முடிகிற காரியம். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்காமல் பையனைக் குற்றம் சொல்வது, நீச்சல் கற்றுக்கொடுக்காமல் கிணற்றில் தள்ளிவிட்டு 'கத்துறான் பாரு' என்பதற்குச் சமம்.

மெட்ராஸுக்கு ஹோட்டல் சாப்பாட்டைப் பழக்கிய உடுப்பிக்காரர்களின் தாய்மொழியும் தமிழ் இல்லை. துளுவும் கன்னடமும் பேசிக்கொண்டு வந்தவர்கள்தான். உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய கே. கிருஷ்ணா ராவ் அப்படி ஊரைவிட்டு வந்து, ஹோட்டலில் அடிமட்ட வேலையிலிருந்து ஆரம்பித்தவர். பாத்திரம் கழுவி, மேஜை துடைத்து, பரிமாறி, கல்லாவில் உட்கார்ந்து என்று படிப்படியாக ஏறுவதுதான் அந்தக் காலப் பயிற்சி. ஒரு படியில் தேறாமல் அடுத்த படி கிடையாது. இன்றைக்கு முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவில் இருந்த ஏணியையே எடுத்துவிட்டு, 'அந்தக் காலத்து சர்வர் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்தியன் காபி ஹவுஸ் இன்னொரு உதாரணம். காபி போர்டு தன் கடைகளை மூட முடிவெடுத்தபோது, வேலை போகிற தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் போன்ற தலைவர்களின் துணையோடு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கடைகளை ஏற்று நடத்தினார்கள். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம். தலைப்பாகையோடு காபி கொண்டுவருகிறவரே கடைக்கும் பங்குதாரர். கடை தன்னுடையது என்றால் கை டம்ளருக்குள் போகாது.

1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் சர்வராக நடித்தபோது தமிழ்நாடே சிரித்தது, அழுதது. ஆனால் அந்த சுந்தரம்கூட சினிமா நட்சத்திரம் ஆன பிறகுதான் பெரிய மனிதர் ஆகிறார். நல்ல சர்வராகவே இருந்து மரியாதையோடு ஓய்வு பெறுவது என்பது கதையில்கூட நம்மூரில் சாத்தியமாகவில்லை. மரியாதை இல்லாத வேலையை யார் ஆசையாகக் கற்பார்கள்?

என்ன செய்யலாம்?

பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. பதினைந்து நாள் போதும்.

முதல் மூன்று நாள் மேஜைப்பக்கம் வரவே வேண்டாம். மெனுவில் இருக்கிற ஒவ்வொன்றையும் அந்தப் பையன் சாப்பிட்டுப் பார்க்கட்டும். எதில் வெங்காயம் உண்டு, எதில் முந்திரி உண்டு, எதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று தெரிந்துகொள்ளட்டும். அடுத்த நாலு நாள் துடைப்பதும் தண்ணீர் வைப்பதும் மட்டும். டம்ளரை அடியில் பிடிக்க, துணியைத் தன் பக்கம் இழுத்துத் துடைக்க. அதற்கடுத்த ஐந்து நாள் ஒரு சீனியரின் நிழலாகச் சுற்றட்டும். ஆர்டரை எழுதிக்கொண்டு, ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டட்டும். இந்த ஒரு பழக்கமே பாதி ஆனியன் ரவாக்களைத் தடுத்துவிடும். கடைசி மூன்று நாள் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு மேஜை மட்டும். தப்பு நடந்தால் திட்டு வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம், உள்ளே போய்ச் சொல்லலாம்.

சட்டத்தைப் பாருங்கள். 25 பேர் உணவைக் கையாளுகிற இடத்தில் பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளராவது இருக்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அது சுத்தத்துக்கு. நல்ல விஷயம். பரிமாறும் பண்புக்கு எந்தச் சட்டமும் வராது, வரவும் கூடாது. அது முதலாளி தானாகச் செய்யவேண்டியது. சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் சில வாரத்தில் பரிமாறும் வேலை கற்றுத்தர மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10-ல் ஒரு திட்டமே தொடங்கியது. கல்லூரியில் படித்தவர்கள் நட்சத்திர ஹோட்டலுக்கும் கப்பலுக்கும் போய்விடுகிறார்கள், உண்மைதான். அப்படியென்றால் காஞ்சிபுரத்து ஹோட்டல்காரர்கள் பத்து பேர் சேர்ந்து, கூட்டமில்லாத மார்கழி மாதத்தில் ஓர் ஆசிரியரை வரவழைத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்தலாமே? முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மண்டபமும் சும்மாதான் கிடக்கும்!

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதும், தன் மகன் வயதுப் பையனை 'டேய்' என்பதும், முப்பது ரூபாய் காபிக்கு மூன்று முறை ஆள் ஓட்டுவதும் எந்தப் பயிற்சியில் கற்றது? பட்டுக்கடையில் 'அண்ணே, அந்த மேல் அடுக்குல இருக்கறத எடுங்க' என்று கெஞ்சுகிற அதே வாய்தான் ஹோட்டலில் 'ஏய், தண்ணி' என்கிறது. மரியாதை இரண்டு பக்கமும் ஓடுகிற நாடா. ஒரு பக்கம் மட்டும் போட்டால் புடவை வராது.

ஆனால் முதல் நாடாவைப் போடவேண்டியது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான். ஏ.சி. போட ஐந்து லட்சம், முகப்புக்குக் கண்ணாடி போட மூன்று லட்சம், எல்.இ.டி. போர்டுக்கு ஒரு லட்சம் என்று யோசிக்காமல் செலவு செய்கிறவர், அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நிற்கிற மனிதனுக்குப் பதினைந்து நாள் கொடுக்க யோசிக்கிறார். ஏ.சி. யாரையும் 'வாங்க' என்று கூப்பிடாது. எல்.இ.டி. போர்டு தாத்தாவுக்கு வெங்காயம் ஆகாது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த ஒன்பது பேர் மறுபடியும் வருவார்கள். பட்டுக்கடைக்குக் கட்டாயம் வருவார்கள். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் வருவார்களா, இல்லை பசியை ஹைவே வரை அடக்கிக்கொண்டு போவார்களா என்பது, இன்று காலை பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கிய பையனிடம் முதலாளி என்ன சொல்கிறார் என்பதில் இருக்கிறது.

"போய் மூணாம் நம்பர் டேபிளப் பாரு" என்றா, "வாப்பா, மொதல்ல உட்கார்ந்து சாப்பிடு" என்றா?